பேட்டரி புல்வெட்டி, கிளைவெட்டி வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராபுரம் பக்கம் எங்கள் வீடும் தோட்டமும் சேர்ந்து 70 சென்ட். கொஞ்சம் தென்னை, இரண்டு மாமரம், ஒரு வரிசை முருங்கை, வாசல் பக்கம் மருதாணி வேலி, பின்னால் பழைய கிளுவை வேலி. ஐப்பசி மழை முடிந்தால் இடுப்பளவுக்குப் புல் நிற்கும். ஆறு வருடமாக இதையெல்லாம் பெரும்பாலும் பேட்டரிக் கருவிகளை வைத்தே பராமரிக்கிறேன். சொந்தக்காரர்களும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் கடைக்குப் போகும் முன் என்னிடம் கேட்பது வழக்கம். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் கருவியைத் தேர்ந்தெடுப்பதா, பேட்டரியையா?

பேட்டரியைத்தான். கடையில் புல்வெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது கண் மோட்டார் மேலேயும் கைப்பிடி மேலேயும்தான் போகும். ஆனால் நீங்கள் உண்மையில் வாங்குவது ஒரு பேட்டரிக் குடும்பத்தை. இன்று புல்வெட்டி, அடுத்த வருடம் வேலி வெட்டும் ஹெட்ஜ் ட்ரிம்மர், அப்புறம் சின்ன செயின்சா என்று வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரியும் ஒரே சார்ஜரும் போதும் என்றால் இரண்டாவது கருவியிலிருந்து ‘பாடி மட்டும்’ வாங்கலாம். விலை நன்றாகவே குறையும், ஏனென்றால் இந்தக் கருவிகளில் விலை அதிகமான பாகம் பேட்டரிதான்.

நான் தொடக்கத்தில் இதை யோசிக்கவில்லை. தள்ளுபடியில் கிடைத்த மூன்று கருவிகளை மூன்று கம்பெனியில் வாங்கினேன். மூன்று சார்ஜர், மூன்று வகை பேட்டரி. புல் பாதி வெட்டும்போது பேட்டரி தீர்ந்துவிடும். பக்கத்தில் முழு சார்ஜில் இன்னொரு பேட்டரி இருக்கும், ஆனால் அது இதில் பொருந்தாது. இரண்டாவது வருடம் இரண்டை விற்றுவிட்டு ஒரே குடும்பத்துக்கு மாறினேன்.

ஒரே கம்பெனி என்றாலே ஒரே பேட்டரி என்றும் நினைத்துவிடாதீர்கள். போஷில் வீட்டு உபயோகத்துக்கான பச்சை நிற 18 வோல்ட் வரிசை வேறு, தொழில்முறை நீல நிற 18 வோல்ட் வரிசை வேறு. ஒன்றின் பேட்டரி மற்றதில் சேராது. மகிட்டாவில் 18 வோல்ட் எல்எக்ஸ்டி ஒரு குடும்பம், 40 வோல்ட் எக்ஸ்ஜிடி இன்னொரு குடும்பம். ஸ்டீல் (Stihl) கம்பெனியில் 10.8 வோல்ட்டில் குட்டிக் கருவிகளுக்கு ஒரு வரிசை, 36 வோல்ட்டில் பெரியவற்றுக்கு வேறு வரிசைகள். கடைக்காரரிடம் “இந்தப் பேட்டரியில் வேறு என்னென்ன கருவி ஓடும், அதில் எதையெல்லாம் இங்கே உடனே வாங்க முடியும்?” என்று கேளுங்கள். பட்டியலில் நூறு கருவி இருக்கலாம். உங்கள் ஊரில் கிடைப்பது ஏழு என்றால் உங்களுக்கு அந்த ஏழுதான் கணக்கு.

வரிசை எத்தனை காலமாக விற்பனையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மகிட்டாவின் 18 வோல்ட் வரிசை 2005-இல் வந்தது, இன்னும் ஓடுகிறது. ஐந்து வருடம் கழித்து மாற்று பேட்டரி தேடும்போது இந்தத் தொடர்ச்சியின் அருமை தெரியும்.

18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்கிறார்கள். 48 வோல்ட், 98 விஎஃப் என்றும் எழுதியிருக்கிறது. எது பெரியது?

முதல் மூன்றும் ஒன்றேதான். லித்தியம்-அயான் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். முழுதாக சார்ஜ் ஏறியதும் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டில் நிற்கும், அப்போது ஐந்துக்கும் சேர்த்து 21. ஒரு கம்பெனி சராசரியைச் சொல்கிறது, இன்னொன்று உச்சத்தைச் சொல்கிறது. டிவால்ட் அமெரிக்காவில் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று விற்கும் அதே வரிசையை ஐரோப்பாவில் ‘18 வோல்ட் எக்ஸ்ஆர்’ என்று விற்கிறது. 36 வோல்ட்டும் 40 வோல்ட்டும் இப்படித்தான். இரண்டிலும் பத்து செல் வரிசையாக இருக்கும்.

ஆன்லைனில் மலிவாக வரும் கருவிகளில் 48 விஎஃப், 98 விஎஃப், 128 விஎஃப் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். உண்மையான 98 வோல்ட் வேண்டுமென்றால் 27 செல் வேண்டும். 18650 என்ற வகை செல் ஒன்றின் எடை ஏறத்தாழ 45 கிராம். அப்படியானால் செல் மட்டுமே 1.2 கிலோ இருக்க வேண்டும். அந்தப் பேட்டரியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 350, 400 கிராம்தான் காட்டுகிறது என்றால் உள்ளே இருப்பது ஐந்து செல். அது சாதாரண 18 வோல்ட் பேட்டரி, ஸ்டிக்கர்தான் வேறு.

ஆம்பியர்-அவர் எவ்வளவு இருந்தால் போதும்? ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் ஓடும்?

வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள், வருவது வாட்-அவர். அதுதான் பேட்டரிக்குள் இருக்கும் மொத்தச் சரக்கு. 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36. அதே 18 வோல்ட்டில் 5 ஆம்பியர்-அவர் என்றால் 90. 36 வோல்ட்டில் 2.5 ஆம்பியர்-அவர் என்றாலும் 90தான். வோல்ட் கூடியதால் மட்டும் நேரம் கூடாது.

இனி கருவி எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்போம். அடர்ந்த புல்லில் ஓடும் புல்வெட்டி 350 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 வாட்-அவரை 350-ஆல் வகுத்தால் கால் மணி நேரம். 36 வாட்-அவர் பேட்டரி என்றால் ஆறு நிமிடம். பெட்டி மேல் “45 நிமிடம் வரை” என்று போட்டிருப்பது சுமையில்லாமல் சும்மா சுற்றவிட்ட கணக்காக இருக்கும். நடைமுறையில் விசையை விட்டு விட்டுத்தான் அழுத்துவோம், நடுவில் நடப்போம், தேய்ந்த நைலான் கயிறை இழுத்துவிடுவோம். அதனால் அந்தக் கால் மணி நேரம் அரை மணி வேலையாக நீளும். ஹெட்ஜ் ட்ரிம்மர் இவ்வளவு இழுக்காது. அதே 90 வாட்-அவரில் வேலி முழுவதையும் முடித்துவிடலாம்.

சின்னப் பேட்டரிக்கு நேரம் மட்டுமில்லாமல் இன்னொரு குறையும் உண்டு. 18 வோல்ட்டில் 400 வாட் எடுக்க ஏறத்தாழ 22 ஆம்பியர் ஓட வேண்டும். ஐந்தே செல் உள்ள 2 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அந்த 22-உம் ஒவ்வொரு செல் வழியாகவும் போகிறது. செல் சூடாகும், வோல்ட் இறங்கும், கருவி திணறும். 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பெரும்பாலும் பத்து செல் இரண்டு அடுக்காக இருக்கும், ஒரு செல்லுக்கு 11 ஆம்பியர்தான். அதனால் அதே புல்வெட்டி பெரிய பேட்டரியைப் போட்டதும் புது மிஷின் மாதிரி வெட்டும். “இந்தக் கருவிக்குச் சக்தி இல்லை” என்று திருப்பிக் கொடுக்க நினைத்த ஒருவரிடம் என் 5 ஆம்பியர்-அவர் பேட்டரியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கருவியைத் திருப்பவில்லை, பெரிய பேட்டரி ஒன்று வாங்கிக்கொண்டார்.

புல் வெட்டுவதற்கு என்றால் குறைந்தது இரண்டு 5 ஆம்பியர்-அவர் பேட்டரி வேண்டும் என்பது என் முடிவு. ஒன்று ஓடும்போது மற்றது சார்ஜில் இருக்கும். சார்ஜரையும் பாருங்கள். கிட்டில் வரும் சின்ன சார்ஜர் 2 ஆம்பியர் மட்டும் தருவதாக இருந்தால் 5 ஆம்பியர்-அவர் ஏற இரண்டரை மணிக்கு மேல் ஆகும். வேக சார்ஜர் ஒரு மணிக்குள் முடிக்கும். அந்த வித்தியாசத்தில்தான் ஒரு காலை நேர வேலை முடிவதும் முடியாததும் இருக்கிறது.

பெட்ரோல் பிரஷ் கட்டர் இருக்கிறது. விற்றுவிடலாமா?

எவ்வளவு நிலம் என்பதைப் பொறுத்தது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்-அவர்) ஆற்றல் இருக்கிறது. சின்ன எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் வீணாக்கும். ஏழில் ஒரு பங்குதான் பிளேடுக்குப் போகிறது என்று குறைத்தே கணக்கிட்டாலும் ஒரு யூனிட்டுக்கு மேல் வரும். 90 வாட்-அவர் பேட்டரி பதினொன்று சேர்ந்தால்தான் ஒரு யூனிட். அதாவது ஒரு லிட்டர் கேனுக்கு ஈடுகொடுக்க ஒரு சாக்கு நிறையப் பேட்டரி வேண்டும்.

எனவே இரண்டு மூன்று ஏக்கர் தோப்பில் ஒரே மூச்சில் களை வெட்டுகிறவர்கள் பெட்ரோலை விட வேண்டாம். கூலிக்கு வெட்டுகிறவர்களுக்கும் அதுதான் சரி. வீட்டைச் சுற்றி 10 சென்ட், 30 சென்ட், அரை ஏக்கர் என்றால் கதை வேறு. அங்கே வேலை ஒரே நாளில் வருவதில்லை. இன்று வாசல் ஓரம், நாளை கிணற்று மேடு, ஞாயிற்றுக்கிழமை வேலி என்று பிரித்துச் செய்வோம். ஒவ்வொரு முறையும் பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து, கயிற்றை இழுத்து, இரண்டு மாதம் சும்மா கிடந்ததால் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டு கிளம்பாத மிஷினோடு மல்லுக்கட்டுவதற்குப் பதிலாக, பேட்டரியைச் செருகினால் அடுத்த நொடி ஓடுகிறது. அந்த வசதி இருப்பதால்தான் புல் முழங்கால் உயரம் வரும் முன்பே வெட்டிவிடுகிறோம். சின்னப் புல்லை அடிக்கடி வெட்டுவது பேட்டரிக்கும் சுலபம். காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டார் தூக்கம் கெடாமல் வேலை செய்யலாம் என்பதும் சின்ன விஷயமில்லை.

நான் பழைய பெட்ரோல் மிஷினை இன்னும் வைத்திருக்கிறேன். மார்கழி தொடக்கத்தில், மழைக்குப் பிறகு, வருடத்துக்கு ஒரு முறை அதை எடுக்கிறேன்.

புல்லுக்கு நைலான் கயிறா, இரும்பு பிளேடா?

அருகு, கோரை, சின்னக் களைக்கு நைலான் கயிறு. சுவர் ஓரம், சொட்டுநீர்க் குழாய் பக்கம், கல் நிறைந்த இடம் எல்லாவற்றிலும் கயிறுதான் பாதுகாப்பு. ஆனால் இளம் மரங்களின் தூருக்கு மிக அருகே கொண்டுபோகாதீர்கள். கயிறு பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் கன்று பட்டுப்போகும். மாங்கன்று, கொய்யா, எலுமிச்சை என்று இப்படிப் போனவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். தூரைச் சுற்றி ஒரு முழம் கையால் கொத்திவிடுங்கள்.

தண்டு முற்றிய களைக்கும் முள் புதருக்கும் இரும்பு பிளேடு வேண்டும். அதற்குக் கருவியே அதற்கென்று செய்யப்பட்டிருக்க வேண்டும்: இரண்டு கையாலும் பிடிக்கும் பிடி, தோள் வார், பிளேடுக்கான தடுப்பு மூடி. கயிறு மட்டும் போடும் குட்டிப் புல்வெட்டியில் ஆன்லைனில் கிடைக்கும் பிளேடை மாட்டுவது மிகவும் ஆபத்து. பிளேடு கெட்டியான தண்டில் பட்டால் மொத்தக் கருவியும் பக்கவாட்டில் எகிறும், அதைத் தாங்கும் அமைப்பு அதில் கிடையாது.

கயிற்றின் தடிமனையும் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். 1.6 மில்லிமீட்டருக்கான தலையில் 2.4 போட்டால் மோட்டார் சூடாகும், பேட்டரி பாதி நேரத்தில் தீரும். கயிற்றை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் கோடையில் பொடிப்பொடியாக உடையாது.

சீமைக் கருவேலத்தைப் பேட்டரிக் கருவியால் ஒழிக்க முடியுமா?

வெட்டலாம், ஒழிக்க முடியாது. விரல் தடிமன் வரையுள்ள இளம் செடிகளைப் பிளேடு போட்ட 36 வோல்ட் கருவி வெட்டும். அதற்கு மேல் செயின்சா. ஆனால் தரை மட்டத்தில் வெட்டினால் அடுத்த மழையில் ஒன்றுக்குப் பத்தாகத் தழைக்கும். தூரோடு தோண்டி எடுத்தால்தான் தீரும், அதற்கு ஜேசிபியோ கடப்பாரையோதான். முள் காலணி அடிப்பகுதியைத் துளைத்து ஏறும், கெட்டியான பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

வேலிக்கு ஹெட்ஜ் ட்ரிம்மர் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பல் இடைவெளியை. பிளேடின் இரண்டு பற்களுக்கு நடுவே எவ்வளவு தடிமன் நுழையுமோ அவ்வளவுதான் வெட்டும். 15 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் மருதாணி, துரந்தா, செம்பருத்தியின் இளங்கிளைக்குப் போதும். முற்றிய காகிதப்பூவுக்கு 20-க்கு மேல் பாருங்கள். பிளேடு நீளம் 50 சென்டிமீட்டர் இருந்தால் மேல்பக்கத்தைச் சமமாக வெட்டுவது சுலபம். அதைவிட நீளமானால் கை வலிக்கும்.

கிளுவை வேலிக்கு இது வேண்டாம். எங்கள் பக்கம் கொறங்காட்டை (மேய்ச்சல் நிலத்தை)ச் சுற்றி நிற்கும் கிளுவை, தலைமுறை கண்ட வேலி. அதன் கிளைகள் கட்டைவிரலைத் தாண்டித் தடித்து, பின்னிப் பிணைந்து, முள்ளோடு நிற்கும். ட்ரிம்மர் பற்களில் சிக்கி நின்றுவிடும். அதை அரிவாளால் கழித்து, கழித்த கிளையை இடைவெளியில் ஊன்றுகிறவர்களின் கைப்பழக்கத்துக்கு ஈடாக எந்தக் கருவியையும் நான் பார்க்கவில்லை. ஆள் கிடைக்கும்வரை அந்த வேலையை அவர்களிடமே கொடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள்.

பேட்டரிக் கவாத்துக் கத்தரி ஆடம்பரமா?

பத்துச் செடி வைத்திருப்பவருக்குத் தேவையில்லை, நல்ல கைக்கத்தரி போதும். நூற்றுக்கணக்கில் வெட்டுகிறவருக்கு அது கையைக் காப்பாற்றும் கருவி. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைக்கு வருடத்தில் இரண்டு முறை கவாத்து வரும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான வெட்டு என்றால் மணிக்கட்டும் விரல் மூட்டும் என்ன பாடுபடும் என்று செய்தவர்களுக்குத் தெரியும். செடிமுருங்கையிலும் பயன் உண்டு. பிகேஎம்-1 ரகத்தை அறுவடை முடிந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் வெட்டிவிட்டு மறுதாம்பு (மறுபடி தழைத்து வரும் விளைச்சல்) எடுப்போம். முருங்கை மென்மையான மரம். அரிவாளால் ஓங்கி வெட்டினால் தண்டு பிளந்து, அங்கே தண்ணீர் இறங்கி அழுகும். கத்தரி வெட்டு மொழுக்கென்று இருக்கும், பக்கக் கிளை சீராக வரும். நடுத்தண்டு தடித்திருந்தால் கத்தரிக்கு அடங்காது, கைரம்பத்தை எடுங்கள்.

இந்த வகைக் கத்தரிகள் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரையுள்ள கிளையை ஒரே கடியில் துண்டிக்கும். விரலையும் அதே சுலபத்தில் துண்டிக்கும். கிளையைப் பிடிக்கும் கை எப்போதும் ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். விசையை இரட்டை அழுத்தம் கொடுத்துத் திறக்கும் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், வேலை முடிந்த நொடி பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். இதில் சமரசமே வேண்டாம்.

ஒரு கையில் பிடிக்கும் மினி செயின்சா நல்லதா?

வீட்டுத் தோட்டத்துக்கு மிக உபயோகமான கருவி, மிக அதிகமாக ஏமாற்றி விற்கப்படும் கருவியும் அதுதான். செயின் ஓடும் உலோகப் பட்டை 10 சென்டிமீட்டர் உள்ள நல்ல மினி செயின்சா மணிக்கட்டு தடிமன் கிளையைச் சில நொடியில் அறுக்கும். விழுந்த மட்டை, காய்ந்த கிளை, கொய்யாக் கவாத்து எல்லாவற்றுக்கும் இதை எடுக்கிறேன்.

பயப்பட வேண்டியது பட்டையின் நுனியை. நுனியின் மேல்பாதி கிளையில் பட்டால் செயின் கடித்துக்கொண்டு கருவி உங்கள் முகத்தை நோக்கி எகிறும். ஒரு கையில் பிடித்திருந்தால் தடுக்க முடியாது. இரண்டு கையாலும் பிடியுங்கள், மேலே மூடி இருக்கும் மாடலை வாங்குங்கள், விசையை விட்டதும் செயின் உடனே நிற்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஏணி மேல் நின்று இதை ஓட்டாதீர்கள்.

செயினுக்கு எண்ணெய் முக்கியம். பல மினி மாடல்களில் தானாக எண்ணெய் போகாது, அவ்வப்போது நாமே விட வேண்டும். கழிவு எஞ்சின் ஆயில் வேண்டாம், அது மண்ணில்தான் சொட்டுகிறது. செயின் மழுங்கினால் மரத்தூளுக்குப் பதில் மாவு மாதிரி வரும். அப்போது அழுத்தி அறுக்காமல் அரத்தால் தீட்டுங்கள்.

தென்னை மட்டை, மாமரத்து உயரக் கிளைக்கு நீளக் கம்பு வைத்த ரம்பம் உதவுமா?

மாமரத்துக்கு உதவும். தரையில் நின்று 12 முதல் 14 அடி உயரம் வரை எட்டும். கிளைக்கு நேர்கீழே நிற்காமல் தள்ளி நில்லுங்கள். முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாது.

தென்னையில் குட்டை ரகங்களுக்கு மட்டும் சரி. நெட்டை மரத்துக்கு எந்தப் பேட்டரிக் கம்பும் எட்டாது, மரம் ஏறுகிறவர்தான் வேண்டும். கம்பு கிடைத்த ஆசையில் பச்சை மட்டையை வெட்டாதீர்கள். காய்க்கு உணவு தயாரிப்பது அந்த மட்டைதான். காய்ந்து தொங்குவதைத் துரட்டியால் இழுத்தாலே வந்துவிடும்.

மின்கம்பி அருகே இருந்தால் இந்தக் கம்பைத் தொடவே கூடாது. பெரும்பாலான கம்பு அலுமினியம். கிளை கம்பியில் சாய்ந்தாலும் போதும், ஈரக் கிளை மின்சாரத்தைக் கடத்தும். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, லைனை நிறுத்தி, அவர்கள் ஆளை வைத்தே வெட்டுங்கள். ஒரு வாரம் அலைய வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

இலை ஊதும் புளோயர்?

வாசலில் விளக்குமாறு போதும். புளோயர் பேட்டரியை வெகுவாகக் குடிக்கும், புழுதியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பும். ஓடு மேல் சேர்ந்த சருகு, சோலார் பலகை மேல் தூசி என்று கை எட்டாத இடம் இருந்தால் மட்டும் வாங்கலாம்.

பிரஷ்லெஸ் மோட்டாருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

புல்வெட்டிக்கும் செயின்சாவுக்கும் கொடுங்கள். கார்பன் பிரஷ் தேயும் உராய்வு இல்லாததால் சூடு குறைவு, அதே பேட்டரியில் கொஞ்சம் கூடுதல் வேலை நடக்கும், ஆயுளும் அதிகம். மாதம் ஒரு முறை எடுக்கும் ஹெட்ஜ் ட்ரிம்மருக்கு அவசியமில்லை.

நம் வெயிலுக்குப் பேட்டரி தாங்குமா?

பார்த்துக்கொண்டால் தாங்கும். லித்தியம் பேட்டரியைக் கொல்வது வேலையைவிட வெப்பம்தான். வெயிலில் நிறுத்திய கார், தகரக் கொட்டகை, மோட்டார் ரூம் அலமாரி, இந்த மூன்றிலும் பேட்டரியை வைக்காதீர்கள். சித்திரை மாதத்தில் தகரத்துக்குக் கீழே கை வைக்க முடியாது, அங்கே பேட்டரி மட்டும் எப்படி நன்றாக இருக்கும்? வீட்டுக்குள், நிழலில், காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள்.

வேலை முடித்துக் கழற்றும்போது சூடாக இருந்தால் அரை மணி ஆறவிட்டு சார்ஜ் போடுங்கள். மகிட்டா கையேடுகள் 10 முதல் 40 டிகிரி வரையுள்ள இடத்தில் சார்ஜ் செய்யச் சொல்கின்றன. மே மாத மதியம் நம் திண்ணையே அந்த அளவைத் தாண்டும். நான் கோடையில் காலை ஆறு முதல் ஒன்பது வரை வேலை, சார்ஜ் இரவில் படுக்கும் முன் என்று வைத்திருக்கிறேன். இரவு முழுக்கச் செருகிவிட்டுத் தூங்குவதில்லை.

இரண்டு மூன்று மாதம் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுதாக ஏற்றி வெப்பத்தில் வைத்தால் சீக்கிரம் முதுமையடையும். காலியாக வைத்தால் இன்னும் கீழே இறங்கி, சார்ஜர் அதை ஏற்காமலே போகலாம்.

கரன்ட் போனால்? இன்வெர்ட்டரில் சார்ஜ் போடலாமா?

சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் தாராளமாகப் போடலாம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சார்ஜர் சூடாவதும் இரைவதும் உண்டு, தவிர்ப்பது நல்லது. செலவைப் பற்றிக் கவலை வேண்டாம்: 90 வாட்-அவர் பேட்டரி முழுதாக ஏற, சார்ஜர் இழப்பையும் சேர்த்து, யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும்.

துபாயில், அமெரிக்காவில் இருக்கும் தம்பியிடம் வாங்கிவரச் சொல்லலாமா?

வளைகுடாவிலிருந்து என்றால் மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட் அளவு, பிளக் முனை மட்டும் வேறு. அமெரிக்க சார்ஜர் 120 வோல்ட்டுக்கானது. நேராகச் செருகினால் போய்விடும். பேட்டரியையும் கருவியையும் அங்கே வாங்கி, சார்ஜரை இங்கே வாங்கலாம். அதே வரிசை இங்கே அதே வடிவில் விற்கிறார்களா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விமானத்தில் ஒரு விதி இருக்கிறது. தனியாக எடுத்துவரும் லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு அதிகபட்சம் இரண்டு. அதனால் 18 வோல்ட்டில் 5 ஆம்பியர்-அவர் (90) தடையில்லாமல் வரும், 6 ஆம்பியர்-அவர் (108) என்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். முனைகளை டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். கருவி செக்-இன் பெட்டியில் வரட்டும். இந்தியாவில் வாரண்டி கிடைக்காது என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஒரிஜினல் பேட்டரி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு ‘பொருந்தும்’ பேட்டரி கிடைக்கிறதே?

நான் வாங்க மாட்டேன். 18650 செல் ஒன்றின் கொள்ளளவு அதிகபட்சம் 3.5 ஆம்பியர்-அவர் அளவில்தான் இருக்கிறது. அப்படியிருக்க ஐந்து செல் வைத்து ‘12 ஆம்பியர்-அவர்’ என்று எழுதுகிறவர் மற்ற எதில் உண்மையாக இருப்பார்? பல போலிகளில் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் தனியாகக் கவனித்து நிறுத்தும் பாதுகாப்புச் சுற்று இருப்பதில்லை. ஒரு செல் மட்டும் அளவு மீறி ஏறினால் தீப்பிடிக்கும். லித்தியம் தீ அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றும். பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் கருவியில் மிச்சப்படுத்துங்கள், பேட்டரியில் வேண்டாம்.

மழையில் ஓட்டலாமா?

தூறலில் வெட்டிக்கொண்டே வீட்டுக்கு வரலாம், மழையில் தொடங்கக் கூடாது. ஈரப் புல் கயிற்றுத் தலையில் அப்பிக்கொண்டு மோட்டாரைத் திணறடிக்கும். கழுவும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

பாதுகாப்புக்கு என்னென்ன வேண்டும்?

கண்ணாடி, முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ், கெட்டியான கால்சட்டை. வேட்டி, லுங்கி, கழுத்தில் துண்டு, முந்தானை எதுவும் கூடாது. சுற்றும் தலையில் ஒரு நூல் சிக்கினாலும் துணி முழுவதையும் இழுத்துவிடும். 15 மீட்டருக்குள் ஆளோ ஆடோ நாயோ வேண்டாம், கூழாங்கல் அவ்வளவு தூரம் பறக்கும்.

பேட்டரிக் கருவியின் சத்தம் குறைவு, தரை அதிர்வும் குறைவு. அதனால் புதரில் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் நாம் மிக அருகே போகும்வரை நகராமல் இருக்கலாம். தொடங்கும் முன் நீளக் கம்பால் புதரைத் தட்டி, ஐந்து நிமிடம் விட்டு, அப்புறம் வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வெட்டிப் போங்கள். நடுவில் ஒதுங்கும் உயிர் வெளியே போக வழி இருக்க வேண்டும். குளவிக் கூடு இருக்கிறதா என்றும் வேலியை ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

சிக்கிய புல்லை எடுக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் மிஷின் நின்றால் நின்றதுதான். இது அப்படியில்லை, விரல் விசையில் பட்டால் மறுபடி சுற்றும்.

செத்த பேட்டரியை என்ன செய்வது?

குப்பைத்தொட்டியிலும் பழைய இரும்புக் கடையிலும் போடாதீர்கள். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி, விற்ற பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கிய கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். உப்பிய பேட்டரியை அதுவரை வீட்டுக்கு வெளியே, மணல் போட்ட மண்சட்டியில் வையுங்கள்.

இந்த வருடம் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும். எதை வாங்குவது?

உங்கள் நிலத்தை ஒரு காலையில் சுற்றிப் பாருங்கள். புல்தான் பெரிய தொல்லை என்றால் கயிற்றுப் புல்வெட்டி, 5 ஆம்பியர்-அவர் பேட்டரியோடு. மரமும் செடியும் அதிகம் என்றால் மினி செயின்சா. வேலி மட்டும் என்றால் ஹெட்ஜ் ட்ரிம்மர். எதை வாங்கினாலும் நல்ல அரிவாள் ஒன்றும் துரட்டி ஒன்றும் கூடவே இருக்கட்டும். பேட்டரி சார்ஜில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்யும் வேலை பெரும்பாலும் அவற்றால்தான்.